ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு: தற்கொலை முயற்சியிலிருந்து மீளும் முன்னாள் படைவீரரின் குடும்பத்துக்கு

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே பெல்ட், ஷூ லேஸ், போன். கூடவே ஒரு மாத்திரைச் சீட்டு, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி ஒரு தேதி. அவ்வளவுதான். என் மச்சான் காரில் ஏறி, வழக்கம்போல சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வர்த் பகுதி வந்து சேரும்வரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆறு வாரத்தில் என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டோம். இப்போது அதே வாசலில் பையோடு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் திருநெல்வேலிக்காரன், டர்பனில் பெண் எடுத்தவன், டாக்டர் இல்லை. மச்சான் என் மனைவியின் அண்ணன். தென்னாப்பிரிக்கத் தரைப்படையில் இருந்தவர், ஐ.நா. அமைதிப்படையோடு காங்கோவுக்குப் போய் வந்தவர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதீங்க" என்றார்.

இதைப் படிக்கும் இந்த நேரத்திலேயே வீட்டில் ஆபத்து என்றால் மேலே படிக்க வேண்டாம். ஆளைத் தனியாக விடாதீர்கள். ஆம்புலன்சுக்கு 10177, செல்போனிலிருந்து 112. பேச ஆள் வேண்டும் என்றால், 'சாடாக்' என்று எல்லாரும் சொல்லும் மனச்சோர்வு அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. இரவும் பகலும் எடுப்பார்கள், காசு கிடையாது. இந்த மூன்றையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள்

ஊரில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு முதலில் வரும் பயம் போலீஸ் கேஸ். தென்னாப்பிரிக்காவில் தற்கொலை முயற்சி குற்றம் அல்ல. யாரும் வழக்குப் போட மாட்டார்கள். அதனால் டாக்டரிடம் "தவறி விழுந்துட்டார்", "மாத்திரையை மாத்திப் போட்டுட்டார்" என்று கதை கட்டாதீர்கள். கதை கட்டினால் அதற்கேற்ற சிகிச்சைதான் கிடைக்கும்.

இரண்டாவது பயம், "ஒரு தடவை செஞ்சவன் திரும்பவும் செய்வான்" என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஒருமுறை முயன்றவருக்கு மற்றவர்களைவிட ஆபத்து கூடுதல்தான், அதிலும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில வாரங்கள், முதல் மூன்று மாதங்கள் மிக முக்கியம். மறு பாதியை யாரும் சொல்வதில்லை. முயன்று பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் சாவதில்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. இந்த இரண்டாவது பாதியை மச்சானின் அம்மாவிடம், என் அத்தையிடம், சொன்ன அன்றுதான் அவர் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

துப்பாக்கியும் மருந்துப் பெட்டியும்

இதை அவர் வீடு திரும்புவதற்கு முன், முடியாவிட்டால் அன்றைக்கே செய்ய வேண்டும். சாகவேண்டும் என்ற எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. சிலருக்கு நிமிடங்கள், சிலருக்குச் சில மணி நேரம். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் பலர் தப்பிவிடுகிறார்கள். "ஒரு வழி இல்லாட்டி இன்னொரு வழி தேடுவான்" என்று சொந்தக்காரர் ஒருவர் எங்களிடம் அடித்துச் சொன்னார். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

படையில் இருந்தவர் வீட்டில் துப்பாக்கி இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே ஒரு தப்பைப் பலர் நல்லெண்ணத்தில் செய்கிறார்கள். "என் வீட்டு அலமாரியில இருக்கட்டும்" என்று தம்பியோ மருமகனோ எடுத்துக்கொண்டு போய்விடுவது. லைசென்ஸ் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருப்பதே குற்றம். நேர்வழி இரண்டு. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் காப்பில் வைப்பது ஒன்று. போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது மற்றொன்று. அவர் மறுத்தால் சட்டத்திலும் இடமிருக்கிறது. தன்னையோ பிறரையோ ஆயுதத்தால் கொல்லப்போவதாகச் சொன்னவரை, துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவர் என்று அறிவிக்க 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வழி செய்கிறது. அதைக் கடைசிக் கதவாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்டுப் பாருங்கள்.

எப்படிக் கேட்பது? நான் கேட்டபோது மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் அவருடைய பழைய பிரிவிலிருந்து ஒரு நண்பர் வந்தார், பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரர், ஜூலு. கட்டிலில் உட்கார்ந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "டியூட்டி முடிஞ்சா ஆயுதத்தைக் கிடங்குல திருப்பிக் கொடுப்போம். இப்ப நீ லீவுல இருக்க. லீவுல இருக்கிறவன் கையில ஆயுதம் எதுக்கு?" மச்சான் எழுந்து பெட்டகத்தின் சாவியை எடுத்துக் கொடுத்தார். மூவருமாகப் போய்க் கடையில் வைத்து ரசீது வாங்கினோம். ரசீது அவர் பர்ஸில்தான் இருந்தது. பறிமுதல் செய்யவில்லை, காப்பில் வைத்திருக்கிறோம். படைவீரருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அப்புறம் மருந்துப் பெட்டி. அவருடைய மாத்திரைகள் மட்டுமல்ல, பாட்டியின் பிரஷர் மாத்திரை, பழைய வலி மாத்திரை, தோட்டத்துப் பூச்சிமருந்து எல்லாம் சேர்த்துத்தான். வேண்டாதவற்றை மருந்துக்கடையில் கொடுத்துவிடலாம். வேண்டியவற்றை ஒருவர் பூட்டி வைத்து நாளுக்கு நாள் எடுத்துக் கொடுக்க வேண்டும். மாதத்துக்கு மொத்தமாகக் கொடுக்காமல் வாரத்துக்கு வாரம் கொடுக்கும்படி மருந்தாளரிடம் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மதுவும் இதில் சேர்த்தி. தூக்கம் வராதவருக்குப் பிராந்தி நண்பன் மாதிரி தெரியும். ஆனால் துணிச்சலைக் கூட்டி நிதானத்தைக் குறைப்பது அதுதான். டர்பனில் தமிழ் வீடுகளில் புரட்டாசி முழுக்கக் கறியும் வராது, பாட்டிலும் வராது. அந்த வருடம் எங்கள் வீட்டில் புரட்டாசி ஜூன் மாதமே பிறந்துவிட்டது என்று என் மனைவி இன்றும் சொல்வாள். எல்லாரும் சேர்ந்து நிறுத்தினோம். அவருக்கு மட்டும் தடை போட்டிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

என்ன பேசுவது

நேராகக் கேளுங்கள். "இன்னிக்குச் சாகணும்னு தோணுச்சா?" கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகாதா என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆகாது. அந்த எண்ணம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தனியாகச் சுமப்பதுதான் பாரம். முதல் தடவை கேட்டபோது எனக்குத்தான் நாக்கு உலர்ந்தது. அவர் "காலையில தோணுச்சு, இப்ப இல்ல" என்றார், மணி சொல்வது போல.

எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட, நீங்கள் சொல்லக் கூடாத சில: "நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கின ஆளு, இப்படிக் கோழை மாதிரி..." "பிள்ளைங்க முகத்தை நினைச்சுப் பார்த்தியா?" "எல்லாம் கிரகம், சரியாப் போயிடும்." முதலாவது மிக மோசம். படையில் தைரியம்தான் ஒருவருடைய முகவரி, அதையே பிடுங்குவது போலாகும். இரண்டாவதற்கு அவர் எனக்குப் பின்னாளில் சொன்ன பதில்: "நினைச்சேன். நான் இல்லாட்டி அதுங்களுக்கு நல்லதுன்னுதான் நினைச்சேன்." நோய் அப்படித்தான் கணக்குப் போடும்.

காங்கோவில் என்ன பார்த்தார் என்று துருவாதீர்கள். அமைதிப்படைக்குப் போனவர்களுக்குப் பயத்தைவிடப் பெரிய புண் ஒன்று உண்டு. கண்ணெதிரே நடந்ததைத் தடுக்க உத்தரவில்லாமல் நின்ற நினைப்பு. அதை எடுத்துப் பேசுவது பயிற்சி பெற்றவர் முன்னால் நடக்கட்டும். அவராகச் சொன்னால் கேளுங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அக்கம்பக்கத்துக்கு என்ன சொல்வது என்பதை அவரோடு சேர்ந்து ஒரு வரியாக முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வரி, "உடம்புக்கு முடியாம ஆஸ்பத்திரியில இருந்தார், இப்ப வீட்ல ஓய்வு." பிள்ளைகளுக்கு அது போதாது. அப்பாவுக்கு மனசில் பெரிய நோய், அதனால் தன்னையே காயப்படுத்திக்கொண்டார், டாக்டர் பார்க்கிறார், உன்னால் வந்ததில்லை என்று வயதுக்கேற்றபடி சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவர் சொல்லிவிடுவார்.

ஒரு தாள் போதும்

பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு. அங்கே முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் பரவலாகப் புழங்குவது. அவசர சிகிச்சைக்கு வந்த வீரர்களுக்கு இந்தத் தாளை எழுதிக் கொடுத்து, பிறகு போனிலும் விசாரித்துவந்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் சுமார் 45 சதவீதம் குறைவாக இருந்தன என்று 2018இல் வந்த ஆய்வு சொல்கிறது. முடிந்தால் உளவியலாளரோ நர்ஸோ உடனிருந்து எழுத வைப்பது நல்லது. எங்களுக்கு ஒரு கிளினிக் நர்ஸ் உதவினார்.

வரிசை இதுதான்: நிலைமை மோசமாகிறது என்பதற்கான அறிகுறி, தனியாகவே செய்யக்கூடியது, மனசைத் திருப்ப எங்கே போகலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த டாக்டர், எந்த எண், கடைசியாக ஆபத்தான பொருள்களை எப்படித் தள்ளி வைப்பது. இதை அவர்தான் எழுத வேண்டும், அவர் வார்த்தையில். மச்சான் ராணுவ உத்தரவு மாதிரி பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதினார். அதன் சாரம் இப்படி:

"1. 03.00 மணிக்கு எழுந்து கேட் பூட்டை இரண்டு தடவைக்கு மேல் பார்த்தால். போனை அணைத்து வைத்தால். 2. ஷூ பாலிஷ் போடு. நாயை வெளியே கூட்டிப் போ. 3. பங்களாதேஷ் மார்க்கெட், கூட்டம் குறைந்த நேரம். புளூஃப் கடற்கரை. 4. மச்சான் (என்னைத்தான் சொல்கிறார்), பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பன். மனைவியை எழுப்பத் தயங்காதே. 5. கிளினிக், 0800 567 567. 6. ரசீது பர்ஸில். சாவி இங்கே இல்லை."

முதல் வரியைக் கவனியுங்கள். "கவலையாக இருந்தால்" என்று எழுதியிருந்தால் யாருக்கும் பயன்பட்டிருக்காது. கேட் பூட்டு என்றதும் அக்காவுக்கு, மச்சானின் மனைவிக்கு, புரிந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவருக்கு, அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் அன்றுதான் தெரிந்தது. தாளைப் போனில் படம் எடுத்து நான்கு பேர் வைத்துக்கொண்டோம்.

தாளில் இல்லாத ஆபத்து அறிகுறிகளும் உண்டு: சொத்து, பொருள்களைப் பிரித்துக் கொடுப்பது, விடைபெறுவது போலப் பேசுவது, நாள்கணக்காகத் தூக்கமே இல்லாமல் இருப்பது, பல நாள் கொதிப்புக்குப் பின் காரணமே இல்லாமல் திடீரென்று அமைதியாவது. இவற்றைக் கண்டால் ஆறு வாரத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரோஸ்டர்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுதான். முதல் வாரம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், மூன்றாவது வாரம் ஒருவரும் இல்லை. அது கூடாது. பத்துப் பேர் ஒரே நாளில் வருவதைவிட ஒருவர் பத்து வாரம் வருவது மேல்.

ஜெரோம் மோட்டோ என்ற சான் பிரான்சிஸ்கோ மனநல மருத்துவர் ஓர் ஆய்வு செய்தார். இரண்டாம் உலகப் போரில் வேலை பார்த்தபோது, அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு பெண் எதையும் எதிர்பார்க்காமல் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாராம். அந்த நினைவிலிருந்து பிறந்த ஆய்வு அது. ஆஸ்பத்திரியிலிருந்து போன பிறகு தொடர் சிகிச்சையை மறுத்த 843 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பாதிக்கு ஐந்து வருடத்தில் சிறு சிறு கடிதங்களாக 24 தடவை அனுப்பினார்கள். "நலமா? எழுத விரும்பினால் எழுதுங்கள்" என்கிற அளவுதான். முதல் இரண்டு வருடத்தில் கடிதம் வந்தவர்களிடையே தற்கொலைச் சாவு குறைந்தது. கடிதம் எதையும் கேட்கவில்லை, ஆனால் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

எங்கள் ரோஸ்டர் ஒரு பள்ளிக்கூட நோட்டுத்தாள்தான். திங்கள் என் மனைவி, புதன் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர், வெள்ளி கோயில் குழுவிலிருந்து ஒருவர், சனிக்கிழமை நான். ஒவ்வொரு சனியும் காலை எட்டு மணிக்கு "டீ குடிக்க வரட்டுமா?" என்று மெசேஜ் அனுப்புவேன். ஏழு வாரம் பதில் இல்லை. பதில் வராததைக் குத்திக்காட்டாமல், "சரி, அடுத்த சனி" என்று மட்டும் போடுவேன். எட்டாவது வாரம் பதில் வந்தது: "பால் இல்ல. வாங்கிட்டு வா."

வரும் ஆள் ஆலோசனை சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாம், கிரிக்கெட் பார்க்கலாம்.

சிகிச்சையும் காகிதங்களும்

மருத்துவக் காப்பீடு இருந்தால், தற்கொலை முயற்சிக்கு மூன்று நாள் வரை ஆஸ்பத்திரி அல்லது ஆறு வெளிநோயாளிச் சந்திப்பு வரை கட்டாயம் கொடுத்தாக வேண்டிய பலன்களில் சேர்த்தி. "அதெல்லாம் கவர் ஆகாது" என்று போனில் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். காப்பீடு இல்லாதவர்கள் பக்கத்துக் கிளினிக்கில் தொடங்கலாம், அங்கிருந்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். மனச்சோர்வு மாத்திரை பலன் தரச் சில வாரம் ஆகும், அதுவரை கண் கூடுதலாக இருக்கட்டும். சொல்லாமல் நிறுத்த விடாதீர்கள். போர் அதிர்ச்சிக்கென்றே தனியான பேச்சுச் சிகிச்சைகள் உண்டு, அதில் பயிற்சி உள்ளவரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆபத்து தெரிகிறது, ஆனால் சிகிச்சைக்கு மறுக்கிறார் என்றால் 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பவர் முந்தைய ஏழு நாளுக்குள் அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் 72 மணி நேரம் வைத்துப் பரிசோதிப்பார்கள். துரோகம் மாதிரி தோன்றும். தோன்றினாலும் செய்யுங்கள்.

முன்னாள் படைவீரர்களுக்கு 2011ஆம் ஆண்டின் 18ஆம் எண் சட்டம் தனியாக இருக்கிறது. கடும் மனநோயோ போர் அதிர்ச்சி நோயோ உள்ளவர்களுக்குத் தனி ஆலோசனையும் சிகிச்சையும் அதில் எழுதப்பட்ட பலன்களில் ஒன்று. அதற்கு முன்னாள் படைவீரர் துறையின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். படை எண், அடையாள அட்டை, விடுவிப்புக் காகிதம் மூன்றையும் பிரதி எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். வரிசையில் நிற்பதும் போன் போடுவதும் உங்கள் வேலை, அவர் வேலை அல்ல. எங்கள் கோப்பை ஓர் அலுவலகத்தில் இரண்டு தடவை தொலைத்தார்கள். மூன்றாவது தடவை முத்திரை போட்ட பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஒன்று பிடிக்கும். வெள்ளையர் ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில், 1960 முதல் 1994 வரை எந்தப் பக்கம் நின்றவராக இருந்தாலும், பயிற்சி முடித்து அவமதிப்பு நீக்கம் இல்லாமல் வெளியே வந்தவர் முன்னாள் படைவீரர்தான். என் மாமனார் 1970களில் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று நடந்த ஜல்சேனா கடற்படைத் தளத்தில் இருந்தவர். "வெள்ளைக்காரன் சோறு தின்னவர்" என்று அந்தக் காலத்தில் சொந்தத்திலேயே பேசினார்களாம். அதே தெருவில் ஒரு பெரியவர், அந்த ஆட்சியை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவான உம்கோண்டோவில் இருந்தவர். இருவருக்கும் இன்று ஒரே படிவம். மாமனார் தன் கெட்ட கனவுகளைப் பற்றி வாயே திறக்காமல் போய்ச் சேர்ந்தார். மச்சான் பேசத் தொடங்கியதே அவரை நினைத்துத்தான்.

பழைய வீரர்களின் கூட்டும் தேடத் தக்கது. டின் ஹாட்ஸ் என்ற அமைப்பு 1927இல் இதே டர்பனில் பிறந்தது. தங்கள் கிளைகளைக் குண்டு விழுந்த பள்ளம் என்று பொருள்படும் பெயரில் அழைப்பார்கள். பழைய கோட்டை அருகே வாரியர்ஸ் கேட்தான் அவர்கள் தலைமையிடம். மச்சான் ஒருமுறை போனார், "எல்லாம் கிழவங்க" என்றார், மறுபடியும் போனார்.

கோயிலும் தீபாவளியும்

அத்தை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தைப்பூசத்துக்கு மகன் காவடி எடுப்பான் என்று வேண்டிக்கொண்டார். நல்ல மனசு. ஆனால் இன்னொருவர் உடம்பை வைத்து வேண்டும்போது அவரைக் கேட்க வேண்டும் அல்லவா? மச்சான் முடியாது என்றார். அத்தையே பால்குடம் எடுத்தார். மச்சான் கார் நிறுத்தும் இடத்தில் கொடி பிடித்து வண்டிகளை ஒழுங்குபடுத்தினார், ஐந்து மணி நேரம். எல்லாரும் அவரைப் பாவமாகப் பார்ப்பதை நிறுத்திய முதல் நாள் அதுதான். பொறுப்பு கொடுங்கள், சிறியதாக, முடியும் நேரம் தெரிந்ததாக.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்த்துக்கொள்பவர் தூங்க வேண்டும். வாரத்தில் இரண்டு இரவு வேறு யாராவது அந்த வீட்டில் தங்குங்கள். சாடாக் எண் குடும்பத்தாருக்கும்தான்.

கடைசியாகத் தீபாவளி. டர்பனில் வெடிச் சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த முதல் வருடம் நாங்கள் யோசிக்கவே இல்லை. ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டில் சரவெடி கொளுத்தினார்கள். மச்சானைக் காணோம். காருக்கும் சுவருக்கும் நடுவே, நாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாய்தான் பயப்படுகிறது என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், பத்து மணி வரை.

இப்போதெல்லாம் அந்த வாரம் இரண்டு குடும்பமும் டிராகன்ஸ்பெர்க் மலைக்குப் போய்விடுகிறோம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, இனிப்பை டப்பாவில் போட்டுக்கொண்டு, பட்டாசு இல்லாத ஒரு குடிலில். நாயை அனுமதிக்கும் இடமாகப் பார்ப்பதுதான் கஷ்டம். இந்த வருடத்துக்கு மார்ச் மாதமே முன்பணம் கட்டிவிட்டார். கட்டியது மச்சான்.